எங்கள் சபை ஓடையை மறித்துக் கூடம் கட்டுகிறது. நான் புகார் செய்தால் துரோகமா?

கோத்தகிரி வட்டத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். ஊர் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது 45. அரசுத் தொடக்கப் பள்ளியில் பணி. மூன்று தலைமுறையாக ஒரே கிறிஸ்தவ சபையில் உறுப்பினர், பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலர். கடிதம் நீளமானது, சாரத்தை மட்டும் தருகிறேன்.

ஆலயத்தை ஒட்டிய சரிவில் சபை ஒரு கூடம் கட்டுகிறது. கீழே வாகனங்கள் நிறுத்த இடம். மேலே ஓய்வுநாள் பள்ளியும் கல்யாண வரவேற்பும். இடத்தின் ஓரமாக ஓர் ஓடை இறங்குகிறது. “கோடையில் தாண்டிப் போய்விடலாம், ஐப்பசியில் அதன் இரைச்சலில் பிரசங்கமே கேட்காது” என்று எழுதுகிறார். அந்த ஓடைக்குள் இரண்டடி சிமென்ட் குழாயை இறக்கி, மேலே மண் நிரப்பி, அதன்மீது தடுப்புச் சுவர் எழுப்புகிறார்கள். ஓர் இரவில் ஜே.சி.பி. வந்து வெட்டிய மண் மூடப்படாமல் சரிவில் குவிந்து கிடக்கிறது. அதற்குக் கீழே ஏழு வீடுகள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். அந்த வீட்டுக் குழந்தைகளில் சிலர் இவருடைய வகுப்பிலேயே படிக்கிறார்கள்.

சபையை நிர்வகிக்கும் சேகரக் குழுவில் “அனுமதி வாங்கியாயிற்றா?” என்று கேட்டிருக்கிறார். “கர்த்தருடைய வீட்டுக்கு யாரிடம் அனுமதி வாங்குவது?” என்றார் ஒருவர். “சகோதரர்மேல் வழக்குக்குப் போகக் கூடாது என்று பவுல் சொல்லவில்லையா?” என்றார் இன்னொருவர். “கீழே இருப்பவர்களுக்கே பட்டா கிடையாது. அவர்கள் நம் சபையும் இல்லை” என்றார் மூன்றாமவர். இதற்கிடையில் ஒரு கட்சிப் பிரமுகர், தேர்தலில் சபை ஓட்டு மொத்தமாக விழுந்தால் அனுமதியைத் தானே முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆயர் அதை ஆராதனை அறிவிப்பில் சொல்ல வேண்டும் என்று குழுவில் சிலர் வற்புறுத்துகிறார்கள். இவருடைய மகளுக்குத் தையில் திருமணம். “ஓலை (ஆலயத்தில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) வாசிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்?” என்று பயப்படுகிறார். புகார் செய்வது துரோகமா, பெயர் போடாமல் ஆட்சியருக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாமா என்பவை அவர் கேட்கும் இரண்டு கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

துரோகம் இல்லை. மொட்டைக் கடிதமும் வேண்டாம். இவ்வளவையும் இரண்டு வரியில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை வாசித்தபோது ஒன்று உறுத்தியது. ஆயரிடம் பேசியிருக்கிறீர்கள், பொருளாளரிடம் பேசியிருக்கிறீர்கள், உங்கள் கணவரிடமும் அண்ணனிடமும் பேசியிருக்கிறீர்கள். அந்த ஏழு வீட்டுக்காரர்களிடம் பேசியதாக எங்கும் இல்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கர்த்தருடைய வீடும் அனுமதியும்

மத சுதந்திரம் அரசியல் சாசனம் தந்த உரிமை, ஆகவே ஆலயக் கட்டடத்தில் அரசு தலையிட முடியாது என்று உங்கள் குழுவினர் நம்புகிறார்கள். நீங்களும் பாதி நம்புவதாகத் தெரிகிறது. சாசனத்தின் 25-ஆவது பிரிவு தரும் வழிபாட்டுச் சுதந்திரமே பொது ஒழுங்கு, அறநெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டது. சமய அமைப்புகளின் சொத்தைப் பற்றிப் பேசும் 26-ஆவது பிரிவு, அதைச் சட்டத்திற்கு இணங்க நிர்வகிக்கும் உரிமையைத்தான் தருகிறது. கோவில், மசூதி, ஆலயம் எல்லாவற்றுக்கும் இதுவே நிலை. சொல்லப்போனால் வழிபாட்டுக்கான கட்டடத்துக்கு விதி கூடுதல். மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதியும் தேவைப்படும்.

நீலகிரியில் அதற்கு மேலும் சில படிகள் உண்டு. உங்கள் கிராமம் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருந்தால் வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் மற்றும் சுரங்கத் துறை ஆகியவற்றின் கருத்தும் கேட்கப்படும். கட்டடத்தின் உயரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. ஜே.சி.பி. கொண்டு மண் வெட்டுவதற்கே மாவட்ட நிர்வாகத்தின் தனி அனுமதி வேண்டும். அனுமதி கையில் இருப்பவர்கள் இரவில் வெட்ட மாட்டார்கள் என்பது என் ஊகம்; ஊகத்தை வைத்து யாரையும் குற்றம் சொல்லாதீர்கள், காகிதத்தைக் கேளுங்கள்.

இந்த விதிகள் ஏன் வந்தன என்பது மலையில் பிறந்த உங்களுக்குத் தெரியும். 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டவர்கள் மண்சரிவில் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது. அது மேற்குப் பக்கம், தென்மேற்குப் பருவமழை. கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுகளுக்கு ஐப்பசி, கார்த்திகைதான் கெட்ட காலம். மாவட்ட நிர்வாகமே 283 இடங்களை அபாயப் பகுதிகள் என்று கணக்கெடுத்து வைத்திருக்கிறது. சரிவின் அடியை வெட்டுவதும் இயற்கையான நீர்வழியை அடைப்பதும் மண்சரிவுக்கு முக்கியக் காரணங்கள். உங்கள் சபை இரண்டையும் ஒரே இடத்தில் செய்துகொண்டிருக்கிறது. அந்த இரண்டடிக் குழாயை அடைக்க ஒரு சில்வர் ஓக் கிளையும் இரண்டு காலி உர மூட்டையும் போதும். தடுப்புச் சுவர் மண்ணைத் தாங்கும். பின்னால் தேங்கும் தண்ணீரை நெடுநேரம் தாங்காது. சுவரில் தண்ணீர் வடியத் துளைகள் விட்டிருக்கிறார்களா என்று அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போய்ப் பாருங்கள்.

“விதி இராயனுடையது (அரசனுடையது), ஆலயம் தேவனுடையது” என்று பேசுகிறவர்களிடம் உபாகமம் 22-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனத்தைத் திறந்து காட்டுங்கள். புது வீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் வைக்க வேண்டும். யாராவது விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்கிறது. இது சுத்தமான கட்டட விதி. பக்கத்து ஊரிலிருந்து வந்து மாடி ஏறியவனுக்கும் அது பொருந்தும். அவன் எந்தச் சபை என்று மோசே கேட்கவில்லை.

பவுல் சொன்னது

கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 6-ஆம் அதிகாரம் விசுவாசிகள் ஒருவரையொருவர் நீதிமன்றத்துக்கு இழுப்பதைக் கண்டிக்கிறது. “ஏன் நஷ்டத்தைச் சகித்துக்கொள்ளக் கூடாது?” என்று பவுல் கேட்கிறார். உங்களுக்கு வர வேண்டிய பணத்தைச் சபையார் ஒருவர் ஏமாற்றியிருந்தால் அந்த அறிவுரையை நானும் சொல்லியிருப்பேன். வக்கீலான என் தொழிலுக்கு அது நஷ்டம் என்றாலும். இங்கே நஷ்டம் உங்களுடையது இல்லை. கீழ்வீட்டுக் குழந்தையின் உயிரை அந்தக் குழந்தைக்குப் பதிலாக நீங்கள் சகித்துக்கொள்ள முடியாது.

அதே பவுல் தன் குடியுரிமையை எப்படிப் பயன்படுத்தினார் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் வாசியுங்கள். பிலிப்பியில் விசாரணையில்லாமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் இரகசியமாக அனுப்பிவிடப் பார்த்தபோது, அதிகாரிகளே வந்து வெளியே அழைத்துப் போகட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். எருசலேமில் சவுக்கடிக்குக் கட்டியபோது, ரோமக் குடிமகனை விசாரிக்காமல் அடிக்கலாமா என்று நூற்றுக்கு அதிபதியைக் கேட்டார். கடைசியில் இராயனுக்கு அபயமிட்டார். இன்றைய மொழியில் மேல்முறையீடு. நல்ல கிறிஸ்தவன் வாயை மூடிக்கொண்டிருப்பான் என்று உங்களுக்கு யாரோ சிறுவயதில் சொல்லித் தந்திருக்கிறார்கள். பவுலைப் பார்த்துச் சொல்லித் தந்ததாகத் தெரியவில்லை.

முதலில் கீழே இறங்கிப் போங்கள்

நான் நிறுத்தி நிதானமாகச் சொல்ல விரும்புவது இதைத்தான். நீங்கள் இன்றே ஆட்சியர் அலுவலகத்தில் புகார் கொடுத்தால் என்ன நடக்கும்? வருவாய் ஆய்வாளரும் நில அளவையரும் வருவார்கள். ஓடையை அளப்பார்கள். ஓடை ஆலயத்தோடு முடிவதில்லை. அந்த ஏழு வீடுகளை ஒட்டியும் போகிறது. அந்த வீடுகளில் ஒன்றிரண்டு ஓடைப் புறம்போக்கில் இருந்தால், சபைக்கு வரும் நோட்டீஸோடு அவர்களுக்கும் நோட்டீஸ் வரும். சபைக்கு வழக்கு நடத்த ஆள் இருக்கிறது, பணம் இருக்கிறது. அவர்களுக்கு? காப்பாற்றப் போய்க் கூரையைப் பறித்த கதையாகிவிடும். நல்ல எண்ணத்தோடு கொடுத்த புகார் இப்படித் திரும்பியதை இந்த மலையில் நான் பார்த்திருக்கிறேன்.

1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி வந்த குடும்பங்கள் அவர்கள். ஒருமுறை அவர்களுடைய இருப்பிடத்தை அவர்களைக் கேட்காமலே இரண்டு அரசாங்கங்கள் தீர்மானித்தன. நீங்களும் அதைச் செய்ய வேண்டாம்.

எனவே முதலில் தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் அந்தச் சர்வே எண்களின் ‘அ’ பதிவேட்டையும் புலப்படத்தையும் எடுங்கள். ஓடை எங்கே போகிறது, வீடுகள் இருக்கும் நிலம் எந்த வகை என்று அதில் தெரியும். நத்தமோ ஆட்சேபணையற்ற புறம்போக்கோ என்றால் அவர்கள் வீட்டுமனைப் பட்டாவுக்கே விண்ணப்பிக்கலாம். அந்த மனுவை எழுதித் தருவது உங்கள் சங்கம் செய்யக்கூடிய நல்ல காரியம். நீர்நிலைப் புறம்போக்கு என்றால் பட்டா கிடைக்காது. அப்போதும் 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து, பதில் கேட்டுத்தான் வெளியேற்ற முடியும். மாற்று இடம் கேட்டு மனுக் கொடுக்கவும் வழி உண்டு.

ஆவணங்களை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்காருங்கள். டீச்சராகப் போங்கள், சபைப் பிரதிநிதியாக வேண்டாம். ஜெபப் புத்தகமும் கைப்பிரதியும் பையில் இருக்க வேண்டாம், வீண் சந்தேகம் வரும். ஆபத்தையும் சொல்லுங்கள், புகாரில் அவர்களுக்கு உள்ள அபாயத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர்களில் இருவர் முன்வந்து கையெழுத்திட்டால் புகாரின் பலமே வேறு, ஏனெனில் நேரடியாகப் பாதிக்கப்படுபவர்கள் அவர்கள்தான். வேண்டாம் என்றால் காரணத்தைக் கேளுங்கள். அந்தக் காரணம் நமக்குத் தோன்றாததாக இருக்கும்.

எந்த வரிசையில்

மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் ஒரு வரிசை இருக்கிறது: முதலில் தனியாக, பிறகு இரண்டு மூன்று சாட்சிகளோடு, பிறகு சபையில். நிர்வாகச் சட்டம் எதிர்பார்க்கும் ஒழுங்கும் ஏறக்குறைய அதுதான்.

ஆயரைத் தனியாகப் பாருங்கள். பிறகு சேகரக் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது நாளைக்கு இருக்காது. அனுமதி உத்தரவின் எண், ஒப்புதல் பெற்ற வரைபடம், கட்டமைப்புப் பொறியாளரின் சான்று ஆகிய மூன்றையும் கேளுங்கள். நகலைப் பேராயரின் கீழுள்ள திருமண்டல அலுவலகத்துக்கு அனுப்புங்கள். ஆலய நிலம் பெரும்பாலும் திருமண்டலத்தின் சொத்துக் கழகத்தின் பெயரில் இருக்கும். அப்படியானால் விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டியவர்கள் அவர்கள், உங்கள் ஊர்க் குழு இல்லை. இந்த ஒரு விவரமே பல வேலைகளை நிறுத்திவிடும்.

கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உள்ளாட்சி அலுவலகத்துக்கும் நகர் ஊரமைப்புத் துறைக்கும் மனு அனுப்புங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். ஒரு வாரத்தில் பதில் வந்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டம் தரும் கெடு 30 நாள். அதற்குள் மழை வந்துவிடும் என்பதால் இதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது.

சபை அசையவில்லை என்றால், உங்கள் பெயரோடு திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். மொட்டைக் கடிதம் பெரும்பாலும் கோப்போடு தூங்கும். அதைவிட, ஊரில் யார் எழுதியது என்ற தேடல் தொடங்கி, அந்த ஏழு வீட்டுக்காரர்கள்மேல் சந்தேகம் விழும். உங்கள் பயத்துக்கு அவர்கள் விலை கொடுக்கக் கூடாது. மனுவில் குற்றச்சாட்டு வேண்டாம். பார்த்ததை மட்டும் எழுதுங்கள். குழாய், சுவர், குவிந்த மண், வீடுகளின் தூரம், தேதியோடு புகைப்படம். 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில், அனுமதியற்ற கட்டடத்தை அகற்றச் சொல்ல 56-ஆம் பிரிவும், நடக்கும் வேலையை நிறுத்த 57-ஆம் பிரிவும் இருக்கின்றன. நீங்கள் கேட்க வேண்டியது 57. ஆலயத்தையே இடித்துவிடுவார்கள் என்று பயப்படுகிறீர்கள்; நோட்டீஸ், விளக்கம் என்ற படிகளைத் தாண்டாமல் எதுவும் இடிக்கப்படாது, உங்கள் பழைய ஆலயம் இதில் சம்பந்தப்படவும் இல்லை. கூடத்தை ஓடையிலிருந்து தள்ளி, சிறிதாக, முறையான அனுமதியோடு கட்ட முடியும். ஓடையின்மேல் கட்டிய பகுதியை மட்டும் யாராலும் முறைப்படுத்தித் தர முடியாது.

நீங்கள் அரசு ஊழியர். குடிமகளாகத் தகவல் கேட்கவும் மனுக் கொடுக்கவும் தடையில்லை. செய்தியாளர்களிடம் பேசுவதைத் தவிருங்கள். 1973-ஆம் ஆண்டின் நடத்தை விதிகளைக் காட்டி உங்களை மடக்குவது எளிது.

ஓட்டும் ஓலையும்

அந்தக் கட்சிப் பிரமுகரின் பேச்சு உங்கள் ஆயருக்குத்தான் ஆபத்து. 1988-ஆம் ஆண்டின் சமய நிறுவனங்கள் தவறாகப் பயன்படுத்தப்படுவதைத் தடுக்கும் சட்டம், ஆலய வளாகத்தை அரசியல் பிரசாரத்துக்குப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. பொறுப்பாளருக்குச் சிறைத்தண்டனை வரை போகலாம். வேட்பாளரோ அவர் சார்பாக அவர் சம்மதத்தோடு மற்றவரோ மதத்தின் பேரில் ஓட்டுக் கேட்பது தேர்தல் சட்டத்தில் முறைகேடு. வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் அதில் அடங்கும் என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மைத் தீர்ப்பில் சொன்னது. இதை மிரட்டலாகச் சொல்லாமல், ஆயரின் நலம் கருதி அவரிடம் தனியாகச் சொல்லுங்கள். மனிதர் நிம்மதியடையக்கூடும், குழுவை மறுக்க அவருக்கும் ஒரு காரணம் வேண்டியிருக்கிறது.

மகளின் திருமணத்தைப் பற்றி: மனுக் கொடுத்ததற்காக ஓலை வாசிக்க மறுக்க ஒரு சேகரக் குழுவுக்குத் தன்னிச்சையான அதிகாரம் இருக்க வாய்ப்பில்லை. ஒழுங்கு நடவடிக்கை என்றால் திருமண்டல விதிப்படி நோட்டீஸும் விசாரணையும் வேண்டும். அப்படியும் மறுத்தால் பேராயரிடம் முறையிடலாம். 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி, அதிகாரம் பெற்ற வேறொரு ஆயரும் திருமணத்தை நடத்தி வைக்கலாம். கல்யாணம் நிற்காது. ஆனால் சிலர் பந்திக்கு வராமல் இருப்பார்கள், சங்கச் செயலர் பதவி போகலாம், ஆராதனைக்குப் பின் பேச்சுக்கொடுப்பவர்கள் குறைவார்கள். அதற்குச் சட்டத்தில் மருந்தில்லை. உங்கள் மகளிடமும் வருங்காலச் சம்பந்தி வீட்டாரிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள். ஊர் வாயால் அவர்கள் கேட்கக் கூடாது.

கூடத்துக்காக நீங்கள் வாக்குக் கொடுத்த காணிக்கையைக் கொடுப்பதா என்று ஓரத்தில் கிறுக்கியிருந்தீர்கள். அனுமதி நகல் வரும்வரை கொடுக்க வேண்டாம். கேட்டால் காரணத்தைச் சொல்லுங்கள்.

கடைசியாக, இதெல்லாம் நடக்கும் முன்பே மழை பிடித்துவிட்டால் மனு, வரிசை எதையும் பார்க்காதீர்கள். சுவரில் புது விரிசல், ஓடைத் தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமாக வருவது, அல்லது மழை கொட்டும்போதே ஓடையில் தண்ணீர் குறைவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் 1077-க்கு அழையுங்கள். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை, இரவும் பகலும் எடுப்பார்கள். அந்த எண்ணை ஏழு வீட்டிலும் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். அன்றிரவு அவர்கள் தங்க ஆலயத்தின் சாவி யாரிடம் இருக்கும் என்பதை ஆயரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். சபையில் உங்களோடு சண்டை போடுகிறவர்கள்கூட இந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்ல மாட்டார்கள் என்று நினைக்கிறேன். புலப்பட நகலும் சேகரக் குழுவுக்குக் கொடுத்த கடிதத்தின் நகலும் கைக்கு வந்ததும் அனுப்புங்கள். மனுவின் வாசகத்தை நான் பார்த்துத் தருகிறேன்.